எட்டாவது முறை சொன்ன கதை

சுன்னாகம்,
12.3.1974

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

திருகோணமலையில் நீயும் மாமியும் சுகந்தானே? நான் நலம்.

படம் எடுக்கப்போகும் வெங்காய முதலாளி பரமலிங்கத்தாருக்கு, கடலில் மூழ்கிப்போன உன் அண்ணனின் கதையை ஞாயிறன்று எட்டாவது முறையாகச் சொன்னேன்.

"தம்பி, உவன் சாகக்கூடாது. உயிரோடை திரும்பி வரட்டும்" என்றார்.

கதையில் அவனை உயிரோடு வரவைத்தேன். அவர் வீட்டில் கூடியிருந்த எல்லாரும் கைதட்டினார்கள். இதை மாமிக்கு வாசித்துக் காட்டாதே, பெற்ற மனம் தாங்காது.

"காசைப் பற்றிப் பிறகு கதைப்பம். அடுத்த ஞாயிறும் வாரும்" என்றார்.

நான் வேலை செய்யும் கந்தோரில் நம் ஊருக்கே இடமாற்றம் தந்தார்கள். கோபிக்காதே, மூன்று மாதம் பிற்போடச் சொல்லிவிட்டேன். இப்போது விட்டுவிட்டு வந்தால் கதை அவருடையதாகிவிடும்.

அங்கே பெட்டிக்குள் இருக்கும், இந்தக் கதையை நான் முதலில் எழுதிவைத்த கொப்பியை உடனே அனுப்பு. அண்ணனுக்கு உண்மையில் என்ன நடந்ததென்று எனக்கே குழம்புகிறது.

தபால் எடுக்கும் நேரமாகிறது.

உன்,
நமசிவாயம்