சம்பந்தியின் சொந்த ஊர்

அன்பு மகள் அகிலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே நீயும் ரூபென் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். போனில் பேசினால் பாதியை மறந்துவிடுகிறேன், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். பர் துபாயில் வெயில் தணிந்துவிட்டது, அம்மா சாயங்காலம் நடக்கப் போகிறாள், முழங்கால் பரவாயில்லை. உனக்குக் கால் வீங்கினால் டாக்டரிடம் தயங்காமல் சொல்.

இரண்டு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, காரணம் உனக்குத் தெரியும். உன் வளைகாப்பைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று உன் மாமனார் எலியாஸ் வீடியோவில் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உங்கள் சொந்த ஊர் எது, லீவுக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டேன். சான் அன்டோனியோதான் என்றார். அதோடு விட்டிருக்கலாம். அது சரி, உண்மையான ஊர் எது, மெக்சிகோவில் எந்தப் பக்கம் என்று மறுபடியும் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது, நாய்க்குச் சாப்பாடு வைக்க வேண்டும் என்று எழுந்து போனார். சின்ன வயசுலேருந்து அவரை எல்லாரும் இதைத்தான்பா கேக்கிறாங்க, நாளைக்கு என் குழந்தையையும் கேப்பாங்க, நீங்களுமா என்று நீ பிறகு சொன்னாய். இங்கே மலையாளியோ பாகிஸ்தானியோ பிலிப்பினோவோ, யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஊர்தான். விசா முடிந்தால் எல்லோரும் போயாக வேண்டியவர்கள்தானே. சாப்பிட்டாயா என்பது போலத்தான் கேட்டேன். என்னால் வளைகாப்பே நின்றுவிடுமோ என்று பயந்து போனேன்.

எங்கள் கடை முதலாளி கலீலுர் ரஹ்மான் பாயிடம் சொன்னேன். அவர் துணியை மடித்துக்கொண்டே, ஒரு தரம் கேட்டா விசாரிப்பு அண்ணே, ரெண்டு தரம் கேட்டா இமிகிரேஷன் கவுண்டர், சம்பந்திக்கு ஸ்டாம்ப் அடிக்கப் போறியளா என்று சிரித்தார். மெசேஜ் போட்டு மழுப்பாம நேரா பேசுங்க, யல்லா, சீக்கிரம் என்று என் போனை என் கையில் திணித்தார்.

சனிக்கிழமை கூப்பிட்டேன். பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தும் மன்னிக்க வேண்டும் என்பதற்கு மேல் வரவில்லை. இருங்கள் என்று சம்பந்தி போனை வைத்துவிட்டு, கொஞ்சம் கழித்துக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். அவருடைய தாத்தாவின் தாத்தா வரை அங்கேயே பிறந்து அங்கேயே அடங்கியிருக்கிறார்கள், அந்த மண் அமெரிக்கா ஆவதற்கு முன்பிருந்தே. ஒவ்வொரு கல்லாகக் காட்டினார். தம் வீட்டிலேயே இதில் ஒற்றுமை இல்லை என்றார். அவர் தம்மைத் தெஹானோ, அதாவது டெக்சாஸ்காரர், என்கிறாராம், சம்பந்தியம்மாள் தெல்ஃபினா மெக்சிகோக்காரி என்கிறாராம், மாப்பிள்ளை லத்தீன் அமெரிக்க வம்சம் என்று பொதுவாக லத்தீனோ என்கிறாராம், உன் நாத்தனார் எந்தப் பெயரும் வேண்டாம், ஆளை விடுங்கள் என்கிறாளாம். கிறிஸ்துமஸுக்குத் தமாலே கொழுக்கட்டை பிடிக்கும்போதெல்லாம் இந்தச் சண்டைதானாம். ஸ்பானிஷ் பேசத் தெரியாததால் மாப்பிள்ளைக்கு அத்தைமாரிடம் தனிக் கேலியாம். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், நான் இப்போதுதான் அறிகிறேன்.

பிறகு, உங்கள் ஊரைக் காட்டுங்கள் சம்பந்தி என்றார். தேவகோட்டையை எப்படிக் காட்டுவது. நீங்கள் அங்கிருந்து வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்றார். நாற்பதுக்கு மேல் என்றேன். நீங்களா என்னைக் கேட்டீர்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஜன்னலைத் திறந்து மீனா பஜாரையும் தையல் கடைகளையும் தூரத்தில் போகும் அப்ராப் படகையும் காட்டினேன். நல்ல ஊர், நான் வரும்போது அந்தப் படகில் போகலாம் என்றார். என் ஊர் இதில்லை என்று நான் சொல்லவில்லை.

வளைகாப்புக்கு அவர் பக்கம் மட்டும் அறுபது பேர் வருவார்களாம். ஆண்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். ஓரமாக நின்று சாப்பிடுவதுதான் என்றேன், அதில் தமக்கு நல்ல பழக்கம் என்றார். எங்கள் அமெரிக்க விசாவும் வந்துவிட்டது. சம்பந்தியம்மாளுக்கும் அவர் தங்கைகளுக்கும் வளையல் அளவு அனுப்பு, மறந்துவிடாதே, அம்மா தினமும் கேட்கிறாள். நீயும் குழந்தையும் ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் மன நிறைவோடும் இருக்க எங்கள் ஆசிகள்.

சில நாள் தங்க வந்தவன் போல எப்போதும் என் பெயருக்குக் கீழே முகாம் துபாய் என்று எழுதுவேன், இந்த முறை முகாமை எடுத்துவிட்டேன். சரியா என்று தெரியவில்லை, தவறென்றால் சொல்.

உன் அப்பா,
முத்துராமன்,
துபாய்.