இரண்டு துளை உள்ள வாள்

அம்மாவுக்கு மசுமி வணங்கி எழுதுவது. டோக்கியோவில் மழை விடவில்லை. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பயப்படாதீர்கள், சின்னச் செய்திதான். நான் வேலை செய்யும் வாள் கடைக்கு நேற்று நுமாத்தா வந்தான். அப்பாவுக்கு வாள் விற்றவனேதான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று வாளோடு அவன் கொடுத்த சான்றிதழ்ப் படத்தில், பிடிக்குள் மறைந்திருக்கும் ஆணித்துளை இரண்டு; அப்பா வாங்கிய வாளில் ஒன்று. கேட்கப்போன அப்பாவை, "பேப்பர் அசல்தானே? பாத்து வாங்கத் துப்பில்லாம இங்க வந்து அழாதய்யா" என்று ஊர் முன்னால் துரத்தினானே!

நேற்று அவன் விற்கக் கொண்டுவந்த வாளின் பிடியைக் கழற்றினேன். இரண்டு துளைகள். கீழ்த்துளையோரம் படத்தில் இருந்த அதே பிறைத் தழும்பு. இதன் சான்றிதழைக் காட்டித்தான் வேறு வாளை அப்பா தலையில் கட்டியிருக்கிறான்.

"பேப்பர் தொலைஞ்சுபோச்சும்மா. பேப்பரா வெட்டப்போகுது?" என்று சிரித்தான்.

வாளுக்குத் தலைவணங்கினேன், அவனுக்கு இல்லை. தேநீர் ஊற்றிக்கொடுத்து, "ஞாயித்துக்கிழமை இங்க நடக்கற ஏலத்துக்கு இந்த வாளோட வாங்க. எல்லா வியாபாரிங்களும் இருப்பாங்க" என்றேன்.

அப்பாவைச் சனிக்கிழமை ரயிலேற்றிவிடுங்கள். சான்றிதழை மடிக்காமல் கொடுத்தனுப்புங்கள். கூடவே உங்கள் பிளம் ஊறுகாயும் கொஞ்சம். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

முதலாளி கூப்பிடுகிறார். எல்லாருக்கும் முன்னால் அப்பாவே அந்தக் காகிதத்தை வாளின் பக்கத்தில் வைக்கட்டும். தேநீர் நான் ஊற்றுகிறேன்.