குடிக்காமல் விழுந்த நாள்

வியாழன் காலை

மதி,

நீ வந்தால் கொடுக்கும்படி பக்கத்து வீட்டு ஆஃபியா அக்காவிடம் வைத்திருந்த சாவியை நீயே வைத்துக்கொள். அடுப்பு மேல் நெத்திலிக் குழம்பு இருக்கிறது. ஷாலுவுக்கு முள் பார்த்துக் கொடு.

அன்றைக்கு வாசலில் நான் குடித்துவிட்டு விழவில்லை. உன்னிடம் சத்தியம் செய்த வேகத்தில் ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தேன். நான் பழையபடி குடித்துவிட்டேன் என்று நினைத்து நீ பிள்ளையோடு கிளம்பிவிட்டாய். "எங்களைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்பா" என்கிறார் டாக்டர். பொய் சொல்ல மாட்டேன், இன்னும் முழுசாக விடவில்லை. பாதிக்கு வந்திருக்கிறேன்.

கை நடுங்குவதால் மேஸ்திரி என்னை லாரி மேல் ஏற்றுவதில்லை. கீழே நின்று மூட்டை தூக்கிக் கொடுக்கிறேன். "இன்னா நைனா, பால் குடிச்சிகினு வந்தியா?" என்று பசங்கள் ஓட்டுகிறார்கள். அதைத் தாங்கிவிடலாம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால்தான் நெஞ்சு படபடக்கிறது. உடனே எழுந்து எர்ணாவூர் பாலம் வரை நடந்துவிட்டு வருகிறேன்.

ஜெயவேல்

அடுப்பு கேஸை மூட மறக்காதே.

இது திங்கட்கிழமை எழுதிய சீட்டு. தினமும் கிழமையை மட்டும் அடித்து மாற்றுகிறேன். குழம்பு இன்றைக்கு வைத்தது.