இடது கண் செய்யாத குற்றம்

அனுப்புநர்:
தற்காலிகப் பணி நீக்கத்தில் உள்ள நடத்துநரின் மகள்,
பணிமனைக் குடியிருப்பு, கடைசி வீடு.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
பேருந்துப் பணிமனை.

பொருள்: பயணியைப் பார்த்துக் கண்ணடித்ததாக என் அப்பா மீது எடுத்த நடவடிக்கையை மறுபடி விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அப்பாவின் சீருடையைத் துவைக்கும்போதுதான் முதலில் கவனித்தேன். டீக் கறை எப்போதும் சட்டையின் வலது பக்கத்திலேயே இருந்தது. அவர் சிந்தாமல் குடிப்பவர்.

அதற்கு முன்பே அவருடைய வலது இமை வீங்கியிருந்தது. தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டோம். பிறகு வலது கன்னம் தொங்கியது. உதட்டோரத்தை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் விசில் ஊத முடிந்தது. "என்னண்ணே, பாதி மூஞ்சி லீவு போட்டுடுச்சா?" என்று ஓட்டுநர் மாமா கேட்டாராம். அப்பாவும் சிரித்தாராம், மீதிப் பாதியால்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கண்குழியைத் தாக்கி வீங்க வைத்திருக்கிறது, முகத்தை அசைக்கும் நரம்பையும் அதுவே தாக்கியிருக்கிறது என்று கண் டாக்டர் எங்களிடம் சொன்னார். ஆனால் சான்றிதழில் வலது கண் வீக்கத்தை மட்டும் எழுதிவிட்டார்.

அதைப் படித்த விசாரணை அதிகாரி, "நோய் வலது கண்ணுல. அடிச்சது இடது கண்ணு" என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஐயா, இடது கண் ஒரு தவறும் செய்யவில்லை. எல்லோரையும் போல இமைக்கிறது. வலது கண்ணால்தான் கூடவே மூட முடியவில்லை. எதிரே நிற்பவருக்கு அது கண்ணடிப்பது போலத்தான் தெரியும். புகார் கொடுத்த அக்கா பொய் சொன்னதாக நான் எழுதவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பயந்திருப்பேன்.

மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வந்திருக்கிறது. மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது என்கிறார் டாக்டர். அந்த மாத்திரையை வாங்கக் காட்ட வேண்டிய மருத்துவ அட்டையைப் பணி நீக்கத்தன்றே அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அம்மா இல்லாத வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குற்றச்சாட்டைக் கேட்டதிலிருந்து அப்பா என்னிடம் சுவரைப் பார்த்தே பேசுகிறார். பெற்ற மகளுக்கு எதிரே இமைக்கக் கூசுகிறார்.

ஆகவே அட்டையைத் திருப்பித் தரவும், அவர் இமைப்பதை ஒரே ஒரு முறை தாங்களே நேரில் பார்த்து முடிவு செய்யவும் பணிவுடன் வேண்டுகிறேன். அப்பாவைக் கையோடு கூட்டி வந்திருக்கிறேன். பெஞ்சிலும் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்தார். தோளைப் பிடித்துத் தங்கள் கதவைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்திருக்கிறேன்.

இடம்: தங்கள் அறைக்கு வெளியே
நாள்: திங்கட்கிழமை, காலை

இப்படிக்கு,
நடத்துநரின் மகள்
(கையொப்பம்)