மேலே போய்த் தட்ட ஆள் கிடையாது

மார்ச் 3
பல் பிடுங்கி மூன்று நாள் லீவு. வீங்கிய கன்னத்தோடு வேலைக்குப் போனால், ஆய்வகத்தில் எல்லோர் முகமும் என் முகத்தைவிட மோசம். இரண்டு வருடமாக அசையாமல் நின்ற எங்கள் லேசர் கருவி காட்டும் எண், நான் இல்லாத மூன்று நாளில் கண்டபடி ஓடியிருக்கிறது. இரண்டு செயற்கைக்கோள்களுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கவேண்டிய கருவி! ஏப்ரல் பத்தாம் தேதி தேர்வுக் குழு வருகிறது. அவர்கள் வேண்டாமென்றால் இது விண்வெளிக்குப் போகாது.

"நீ இருந்தாத்தான் இது ஒழுங்கா இருக்கு. என்ன ராசியோ!" என்றார் ஆய்வகத் தலைவியான எங்கள் மேடம்.

காரணம் எனக்குத் தெரியும். ராசியாவது ஒன்றாவது.

மார்ச் 4
சொல்லவில்லை.

மார்ச் 5
சொல்லிவிட்டேன். தினமும் காலையில் கருவியைப் போட்டதும், லேசர் ஒளியைத் திருப்பும் கண்ணாடியைத் தாங்கும் பிடியில் விரலால் லேசாக ஒரு தட்டு தட்டுவேன். ஆரம்பத்தில் ஒருநாள் எண் தடுமாறியபோது தட்டினேன், நின்றது. அதோடு பழகிவிட்டது. பதிவேட்டில் ஒரு வரி எழுதியதில்லை. டீயை ஆற்றிக் குடிப்பதை யாராவது எழுதி வைப்பார்களா?

மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மேல யாரு போய் தட்டுவா? உன்னையும் சேர்த்துக் கட்டி அனுப்பவா?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 11
பிடிபட்டது! பிடியிலுள்ள ஸ்பிரிங் சூட்டில் மெல்ல நகர்ந்து சிக்கிக்கொள்கிறது. தட்டினால் விடுபடுகிறது. ஸ்பிரிங்கே வேண்டாம், கண்ணாடியை அடியிலுள்ள கண்ணாடிக் கட்டையோடு ஒட்டிவிடலாம் என்றேன். ஒட்டினால் ஒட்டியதுதான். அப்புறம் திருத்த முடியாது.

அப்படியென்றால் நான் எதுக்கு? சீ, என்ன கேள்வி இது.

மார்ச் 19
ஒட்டியாச்சு. இந்தத் தடவை பதிவேட்டில் எழுதி வைத்தேன்.

மார்ச் 27
ராக்கெட் குலுக்குவதுபோல் குலுக்கிப் பார்த்தார்கள். தப்பித்தது. பிறகு காற்றில்லாத கூண்டுக்குள் வைத்து அறையைப் பூட்டியாயிற்று. பத்து நாள் யாரும் தொடக் கூடாது. சாவி மேடத்தின் கைப்பைக்குள்.

ஏப்ரல் 1
வீட்டில் சுவரிலிருந்த படங்களையெல்லாம் நேராக்கினேன். "கடிகாரத்தையாவது விட்டுடும்மா, அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு" என்று கும்பிட்டார் என் வீட்டுக்காரர்.

ஏப்ரல் 4
காலையில் வெளியே உள்ள திரையில் எண் ஆடியது. மேடத்திடம் சாவி கேட்டேன். தரமாட்டேன் என்றார். "கெட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கத்தியேவிட்டேன். "கெட்டா கெடட்டும். உக்காரு" என்றார். பார்த்தால் அந்த அறையின் ஏசி நின்றுபோயிருந்தது. வெளியிலிருந்தே அதைச் சரிசெய்ததும் எண் தானாக இறங்கிப் பழைய இடத்தில் நின்றது. மன்னிப்புக் கேட்டேன். காபி வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 10
எடுத்துக்கொண்டார்கள்! பத்து நாள் எண்களைப் பார்த்துக் குழுத் தலைவரே எழுந்து கைகொடுத்தார். பிறகு ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி: 'பயணத்தின்போது கருவியைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது?' மேடம் பேனாவை என்னிடம் நீட்டினார். 'யாரும் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்து எல்லோரோடும் சேர்ந்து குதித்தேன்.