சிப்பிக்காரியும் ரேடாரும்

பெல்மார், நியூ ஜெர்சி
ஜனவரி 27, 1946

அன்பு மகன் லெஸ்டருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், இந்தப் பனியில் என் முழங்கால்தான் படுத்துகிறது, பட்டாளத்தோடு மணிலாவில் இருக்கும் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குக்கூட உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, அதைக் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன், முதலில் இங்கே நடந்த கூத்தைக் கேள். அப்பாவுக்கு ராணுவ ரேடார் முகாமில் அதே மின்கம்பி வேலைதான், ஆனால் போர் முடிந்த பிறகு போகிற நேரம் தாறுமாறாகிவிட்டது. இன்று விடியலில் போனால் நாளை ஒரு மணி நேரம் பிந்தி, மறுநாள் இன்னும் பிந்தி, அதுவும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு. எங்கே என்றால் "சொல்லக் கூடாதுடி, ஆர்டர்" என்பார். எதிர்வீட்டு எட்னா சும்மா இருப்பாளா, "அம்பது வயசு ஆம்பளை தினம் ஷேவ் பண்ணா சும்மாவா? கண்ணத் தொறந்து பாருடி மேபெல்" என்று ஏற்றிவிட்டாள். நான் சிப்பி தோண்டுகிறவர் வீட்டில் பிறந்தவள், இப்படித் தள்ளித் தள்ளிப் போவது கடல் வற்றுகிற கணக்கு என்று எனக்குத் தெரியாதா? அப்படியானால் கடல் வற்றும்போது கரையில் சிப்பி எடுக்கும் ஹெஸ்டர்தான், புருஷனை இழந்தவள் வேறு, என்று முடிவுகட்டிவிட்டேன். நெஞ்சு எரிந்தது மகனே, அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று பெட்டியும் கட்டிவிட்டேன்.

அதற்கு முன் அவளை நாலு கேள்வி கேட்கலாம் என்று வெள்ளிக்கிழமை கரைக்குப் போனேன். கேட்டதும் ஹெஸ்டர் சேற்றில் நின்றுகொண்டே, "உன் புருஷனா? சர்ச்சுல பாத்ததோட சரி. ஐயோ, குளிர்ல இப்படி நடுங்கறியே, இந்தாம்மா, சூப் வெச்சுக் குடி" என்று ஒரு வாளிச் சிப்பியைக் கையில் திணித்தாள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது!

சூப் கொதிக்கும்போது அப்பா பேப்பரை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். இனிமேல் சொல்லலாமாம். முகாமிலிருந்து ரேடார் அலையை நிலாவுக்கு அனுப்பினார்களாம், அது மோதித் திரும்பி வந்துவிட்டதாம்! அந்த ஆன்டெனாவைப் பக்கவாட்டில் திருப்பலாமே தவிர மேலே நிமிர்த்த முடியாதாம், அதனால் நிலா உதிக்கும்போதும் மறையும்போதும்தான் வேலை. கடல் வற்றுவதும் அதே நிலாவின் கணக்குதானே! சவரம் மேலதிகாரிகளுக்காகவாம். சூப்பைக் குடித்துக்கொண்டே மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்து "இது எதுக்கு?" என்றார், சொன்னேன். "அடிப் பைத்தியமே, ஹெஸ்டரா!" என்று சிரித்ததில் அவருக்குச் சூப் புரையேறிவிட்டது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன், பெட்டியை அவரே பிரித்து வைத்தார்.

கொதித்த தண்ணீரையே குடி, கொசுவலை போட்டுத் தூங்கு, கர்த்தர் உன்னைக் காப்பார். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவ்வளவு தூரத்து நிலாவே இரண்டரை விநாடியில் பதில் போட்டுவிட்டது, மணிலா அதைவிடத் தூரமா?

தபால்காரரை வாசலில் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா மேபெல்