தண்ணீர்த் தொட்டி மேலிருந்து எடுத்த படம்

விருத்தாசலம்
3.6.2025

அன்புள்ள இளமதி,

போனில் நீ படம் கேட்டதற்குக் கடிதத்தில் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வராது.

பொங்கலுக்கு உங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுத்தெரு மட்டும் தெளிவாக இருக்கும். மேலும் கீழும் மங்கல். அப்படி மங்கவைத்தால்தான் பஸ்ஸும் ஆட்களும் நான் வேலை செய்யும் பட்டறையின் பீங்கான் பொம்மைகள் போலத் தெரிவார்கள். முதலாளி அதைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார். மங்கவைப்பதற்கு முன் இருந்த படம் இப்போது இல்லை. போனில் இடமில்லை என்று அழித்துவிட்டேன்.

உன் அக்கா காவியாவின் கொட்டகை கீழ் ஓரத்தில் இருக்கிறது. சுரங்கத்துக்கு ஊரை எடுக்கும்போது அவளுக்குத் தனி மனை கிடைக்க இது உதவட்டும்.

பாரதி

கம்மாபுரம்
9.6.2025

பாரதி,

படத்தோடு நானும் அக்காவும் நில எடுப்பு அலுவலகம் போனோம். புருஷன் வீட்டிலிருந்து வந்த மூன்று வருடமாக அவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் தனியாகத்தான் பொங்கித் தின்கிறாள். அதிகாரிகள் வீடுகளை அளக்க வந்த வாரம் பார்த்துக் கொட்டகை காற்றில் விழுந்து கிடந்தது. தனி அடுப்பு இருந்தால்தான் தனி மனையாம்.

அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏதோ மங்கலா இருக்குதும்மா. கொட்டாயா, வைக்கப்போரா? நான் என்னன்னு எழுதறது?”

திரும்பும்போது அக்கா சிரித்தாள். “பஸ்ஸுக்கு நம்பரு கூடத் தெரியுதுடி. என் வூட்டத்தான் காணோம்.”

வரும் திங்கட்கிழமை கடைசி விசாரணை. அன்று காட்ட ஆதாரம் இல்லையென்றால் இனி அண்ணியின் அடுப்படிதான் அவளுக்கு. உன்மேல் கோபமில்லை. பதில் எழுத வேண்டாம்.

இளமதி

விருத்தாசலம்
12.6.2025

இளமதி,

வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த மங்கல் கொட்டகைமேல் தானாக விழுந்ததில்லை. முதலில் கொட்டகைதான் தெளிவாக இருந்தது. அடுப்பும், குனிந்து ஊதிக்கொண்டிருந்த அக்காவும்கூட. கிழிந்த தார்ப்பாய் படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று நான்தான் போன் திரையில் தெளிவான பட்டையை விரலால் மேலே தள்ளித் தெருவைத் தெளிவாக்கினேன்.

அன்று மதியம் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அக்கா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றி, “கூச்சப்படாதடி, இது என் வூடு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றாள்.

முதலாளியிடம் திங்கட்கிழமைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். அக்கா சம்மதித்தால், விசாரணைக்கு என்னையும் உள்ளே கூட்டிப் போவாயா? அக்காவின் கொட்டகையில், அவள் அடுப்பில் பொங்கியதைச் சாப்பிட்டவள் என்று நான் சொல்கிறேன்.

பாரதி